உயிரும் உடம்பும் அஃறிணையும்: ‘தி தேர்ட் பர்த்டே’ விளையாட்டின் மொழிபெயர்ப்புச் சிக்கல்கள்

1. முன்னுரை

கதை சொல்லும் வீடியோ விளையாட்டுகள் இன்று பல நாடுகளில் புனைகதைக்கும் திரைப்படத்திற்கும் இணையான பனுவல்களாகக் கருதி ஆராயப்படுகின்றன. அவற்றில் உரையாடல் உண்டு; எழுத்துவடிவத் தகவல்கள் உண்டு; ஒரு மொழியில் எழுதப்பட்டுப் பிற மொழிகளுக்குப் பெயர்க்கப்படும் தேவையும் உண்டு. ஆயினும் தமிழ் மொழிபெயர்ப்பியல் இப்பனுவல் வகையை இதுவரை மிகக் குறைவாகவே கண்டுகொண்டுள்ளது. இந்நிலையில், இலக்கணக் கூறு ஒன்றையே கதையின் மையமாகக் கொண்ட ஒரு விளையாட்டைத் தேர்ந்து, அதன் கதையமைப்பையும் அதனைத் தமிழில் பெயர்க்க நேரின் எழக்கூடிய சிக்கல்களையும் மதிப்பிடுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இங்கு எடுத்துக்கொள்ளப்படுவது ‘தி தேர்ட் பர்த்டே’ என்னும் ஜப்பானிய விளையாட்டு. ஸ்குவேர் எனிக்ஸ் நிறுவனம் இதனை பிளேஸ்டேஷன் போர்ட்டபிள் என்னும் கையடக்கக் கருவிக்காக 2010 டிசம்பரில் ஜப்பானிலும், 2011 மார்ச்சில் வட அமெரிக்காவிலும் வெளியிட்டது. உருவாக்கத்தில் ஹெக்ஸாடிரைவ் நிறுவனமும் பங்கேற்றது. இயக்கியவர் ஹஜிமே தபாதா. அறிவியல் புனைவு, அச்சம், அதிரடிச் சண்டை, பாத்திரமேற்று ஆடும் முறை ஆகிய நான்கும் இதில் கலந்துள்ளன. எளிதில் வென்றுவிட இயலாத கடுமையான ஆட்டம் என்றும் இது பெயர் பெற்றது.

இவ்விளையாட்டின் கதையை ஒரே வினாவில் அடக்கிவிடலாம்: ஓர் உடலில் மற்றோர் உயிர் குடியேறினால் ‘நான்’ என்னும் சொல் யாரைச் சுட்டும்? இவ்வினா மெய்யியலுக்கு உரியது போலத் தோன்றினும், மொழிபெயர்ப்பாளன் கைக்கு வரும்பொழுது அது இடம், திணை, முறைப்பெயர் ஆகியவை பற்றிய இலக்கண வினாவாக மாறிவிடுகிறது.

2. பனுவலின் மரபு

இவ்விளையாட்டு தனித்து நிற்பதன்று. இதன் வேர், ஹிதேயாகி சேனா எழுதி 1995இல் வெளிவந்த ‘பாரசைட் ஈவ்’ என்னும் ஜப்பானிய நாவல். சேனா அப்பொழுது மருந்தியல் துறையில் முனைவர் பட்ட ஆய்வு மாணவர். ஜப்பானில் அச்சப் புனைகதைக்கென ஏற்படுத்தப்பட்ட நாவல் பரிசு இந்நாவலுக்குக் கிடைத்தது. 1997இல் இது திரைப்படமாயிற்று. 1998இல் இதன் தொடர்ச்சியாக அமைந்த முதல் வீடியோ விளையாட்டும், 1999இல் இரண்டாம் விளையாட்டும் வந்தன. மூன்றாவதாக வந்ததே ‘தி தேர்ட் பர்த்டே’. இதன் தலைப்பில் ‘பாரசைட் ஈவ்’ என்னும் பெயர் இடம்பெறவில்லை.

நாவலின் அடிப்படை, உயிரணுவுக்குள் வாழும் இழைமணிகள் தமக்கென ஓர் உணர்வைப் பெற்று மனிதனுக்கு எதிராக எழுகின்றன என்பதாகும். இழைமணியின் மரபுப்பொருள் தாய்வழியாகவே வருவது. இன்றைய மாந்தர் அனைவருடைய இழைமணி மரபும் ஒரே பெண்ணிடம் சென்று சேர்கிறது என்னும் கருத்தை ரெபெக்கா கேன், மார்க் ஸ்டோன்கிங், ஆலன் வில்சன் ஆகியோர் 1987இல் முன்வைத்தனர். அப்பெண்ணுக்கு விவிலியத்தின் முதற்பெண்ணுடைய பெயர் வழங்கலாயிற்று. நாவலின் தலைப்பில் உள்ள ‘ஈவ்’ இவ்வழி வந்ததே.

இம்மரபின் நான்கு பனுவல்களையும் வரிசைப்படுத்தி நோக்கினால் ஒரு படிமுறை வளர்ச்சி புலனாகும். நாவலில், விபத்தில் மூளைச்சாவு அடைந்த ஒரு பெண்ணின் சிறுநீரகம் ஒரு சிறுமிக்குப் பொருத்தப்படுகிறது. முதல் விளையாட்டில், நியூயார்க் நகரக் காவல்துறையைச் சேர்ந்த அயா பிரியா என்னும் தலைவி, இறந்துபோன தன் உடன்பிறந்தாள் மாயாவின் விழிவெண்படலத்தைச் சிறுவயதில் பெற்றவள். இரண்டாம் விளையாட்டில், அயாவின் மரபுப்பொருளிலிருந்தே உருவாக்கப்பட்ட நகலான ஈவ் என்னும் சிறுமி வருகிறாள். மூன்றாவதில் உயிரே உடல் மாறுகிறது. முதலில் உறுப்பு, அடுத்து முழு உடலின் நகல், இறுதியில் உயிர் எனப் ‘பிறரது ஒன்று தன்னுள் இருத்தல்’ என்னும் கருத்து படிப்படியே விரிகிறது. மூன்றாம் விளையாட்டில் இழைமணி பற்றிய அறிவியல் பெரும்பாலும் மறைந்துவிட்டது என்பது உண்மையே. மரபை விட்டு விலகிய படைப்பு என்று இதனைக் குறைகூறுவோர் அதனையே சுட்டுவர். எனினும் மேற்காட்டிய படிமுறையை நோக்க, விட்டது மரபின் சொற்றொகுதியையே. அதன் மையக்கருத்தை விடவில்லை எனலாம்.

3. ஆட்டமுறையும் கதையும்

2012 டிசம்பர் 24ஆம் நாள் நியூயார்க்கின் மன்ஹாட்டன் பகுதியில் நிலத்தைப் பிளந்துகொண்டு மாபெரும் வேர்போன்ற கட்டமைப்புகள் எழுகின்றன. அவற்றுக்கு ‘பாபேல்’ என்று பெயரிடப்படுகிறது. அவற்றிலிருந்து ‘ட்விஸ்டட்’ எனப்படும் கோர உருவங்கள் வெளிப்பட்டு மக்களை அழிக்கின்றன. நினைவிழந்த நிலையில் இருக்கும் அயாவிடம் ‘ஓவர்டைவ்’ என்னும் ஆற்றல் உள்ளது. இதன்வழி அவள் தன் உயிரைக் கடந்த காலத்திற்கு அனுப்பி, அங்குள்ள ஒருவரின் உடலில் புகுந்து, நடந்ததை மாற்ற முயல்கிறாள்.

ஆடுவோரின் செயல் முழுவதும் இவ்வாற்றலைச் சார்ந்தது. போர்க்களத்தில் படைவீரர்கள் பலர் இருப்பர். ஆடுபவர் ஒரு வீரனின் உடலில் இருந்து சுட்டுக்கொண்டிருப்பார். அவ்வுடல் வீழும் நிலையை எட்டும்போது மற்றொருவனின் உடலுக்குத் தாவுவார். பகையுருவம் தளர்ந்த கணத்தில் அதன் உடலுக்குள்ளேயே பாய்ந்து உள்ளிருந்து தாக்கவும் இயலும். தாவுவதற்கு உடல் எஞ்சாத நிலையே பெரும்பாலும் தோல்வியின் நிலை. எனவே உயிரோடுள்ள வீரர்களின் எண்ணிக்கையே ஆடுவோரின் முதலீடு. இவற்றோடு, மரபுப்பொருளைக் குறிக்கும் மூன்றுக்கு மூன்று கட்டங்களில் ஆற்றல் வில்லைகளைப் பொருத்தி இணைக்கும் ஏற்பாடும் உண்டு.

கதையின் முடிச்சு பின்வருமாறு அவிழ்கிறது. அயாவின் மணநாளன்று ஆயுதப் படையினர் தாக்குகின்றனர், அயா சுடப்படுகிறாள். அவளைக் காக்கும் துடிப்பில் தங்கை ஈவ் தன்னை அறியாமலே தன் உயிரை அக்காளின் உடலுக்குள் செலுத்திவிடுகிறாள். ஆட்டம் முழுவதும் ‘அயா’ என்று நாம் அறிந்தவள் உண்மையில் ஈவ். உலகை அழிக்கும் பேரிடரும் புறத்தேயிருந்து வந்ததன்று. அந்த ஒரு பாய்ச்சலின் விளைவே. இறுதியில் ஒருத்தி நிலைக்க மற்றவள் அழியவேண்டிய நிலை ஏற்படுகிறது.

இங்குத் திறனாய்வாளர் கருதத்தக்க செய்தி ஒன்று உண்டு. உடல்விட்டு உடல் தாவுவதை ஆடுவோர் மணிக்கணக்காகப் பழகுகின்றனர். தாவிய உடலுக்கு உரிய உயிர் அப்பொழுது என்னவாயிற்று என்று அவர்கள் கேட்பதில்லை. ஆட்டமும் அவ்வாறு கேட்க இடம் தருவதில்லை. வேகமே வெற்றிக்கு வழியாதலால் அவ்வினா எழுவதற்கு நேரமும் இல்லை. இறுதியில் வெளிப்படும் உண்மையோ, அதே வினாதான் கதையின் மூலக்குற்றம் என்பது: ஈவ் புகுந்த உடலுக்கு உரிய அயாவின் உயிர் என்னவாயிற்று? விரலுக்குப் பழக்கமாகிப்போன செயல் இங்குக் குற்றமாக மாறுகிறது. ஆட்டமுறையும் கதையும் ஒன்றையொன்று விளக்கும் இவ்வமைப்பே இப்படைப்பின் தலையாய சிறப்பு. இதன் கடினத்தன்மையும் இக்கண்கொண்டு நோக்கத்தக்கது. எளிதாக வெல்ல முடிந்திருந்தால் பிறர் உடல்களை இவ்வளவு தாராளமாகச் செலவிடும் தேவை ஏற்பட்டிராது.

4. பெயர்கள்

மொழிபெயர்ப்பாளன் எதிர்கொள்ளும் முதற் சிக்கல் தலைவியின் பெயர். ஜப்பானிய மொழியில் இப்பெயரின் இரு உயிரொலிகளும் குறில். ஆங்கில எழுத்துவடிவத்தைக் கண்டு தமிழில் எழுதுவோர் ‘ஆயா’ என்று எழுதக்கூடும். தமிழில் அது குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பணிப்பெண்ணையும், சில வட்டாரங்களில் பாட்டியையும் குறிக்கும். ஆங்கில ஒலிப்பைப் பின்பற்றினாலோ அது ‘ஐயா’ என்பதற்கு அணுக்கமாகிவிடும். அச்சக்கதையின் தலைவியை ஒருவர் பதற்றத்துடன் விளிக்கும் இடத்தில் இவ்விரண்டும் நகைப்பையே விளைக்கும். மூலமொழியின் குறிலைப் பின்பற்றி ‘அயா’ என எழுதுவதே ஒலியியலுக்கும் பொருந்துவது; பொருள் மயக்கத்தையும் தவிர்ப்பது. ஆங்கிலத்தின் வழியே பிறமொழிப் பெயர்களைப் பெறும் நம் வழக்கம் எவ்வாறு இடர் தரும் என்பதற்கு இது நல்ல சான்று.

இரண்டாவது பெயர் ‘ஈவ்’. ஆங்கிலத்தில் இவ்வொலி முதற்பெண்ணின் பெயர். ஒரு திருநாளுக்கு முந்திய நாளைக் குறிக்கும் சொல்லும் அதுவே. முதல் விளையாட்டின் கதை கிறிஸ்துமஸுக்கு முந்திய நாளில் தொடங்குகிறது. மூன்றாம் விளையாட்டின் பேரிடரும் அதே நாளில் நிகழ்கிறது. ஆங்கிலத்திலிருந்து இரு சொற்களையும் கடன்வாங்கிய ஜப்பானிய மொழியில் இச்சிலேடை சிதையாமல் நிற்கிறது. தமிழிலோ முதற்பெண் ‘ஏவாள்’. நாள் ‘கிறிஸ்துமஸ் முந்தின நாள்’. இரண்டுக்கும் ஒலித்தொடர்பே இல்லை. ‘ஏவாள்’ என்று பெயர்த்தால் தொன்மத் தொடர்பு நிற்கும். நியூயார்க் நகரத்து இளம்பெண் மறைவாள். ‘ஈவ்’ என்று விட்டால் இளம்பெண் நிற்பாள், தொன்மம் மங்கும். இங்கு முழுவெற்றி இயலாது. பெயரை ‘ஈவ்’ எனக் கொண்டு, ஏவாளின் தொடர்பைக் கதைக்குள் பொருத்தமான ஓர் உரையாடலில் ஒருமுறை தெளிவாக்கிவிடுவதே இயன்ற வழியாகும்.

‘பாபேல்’ இத்தகைய தொல்லை தருவதில்லை. மொழிகள் குழம்பிய கதையைச் சொல்லும் அக்கோபுரத்தின் பெயர் விவிலிய மொழிபெயர்ப்பின்வழித் தமிழில் நெடுங்காலமாக வழங்கிவருகிறது. விவிலியத்தில் மனிதர் வானை நோக்கிக் கட்டியது; இவ்விளையாட்டிலோ மனிதர் கட்டாமலே மண்ணின் அடியிலிருந்து எழுவது. இம்முரண் தமிழ் வாசகருக்கும் விளக்கமின்றிப் புலனாகும்.

5. திணை

‘ட்விஸ்டட்’ என்னும் பெயர் மிக நுட்பமான சிக்கலைத் தருகிறது. ஆங்கிலத்தில் இது திருகிப்போன, முறுக்கேறிய என்னும் பொருளுடைய எச்சவடிவச் சொல், பெயராக வழங்குகிறது. ஆங்கிலம் அறிந்தவர் அப்பெயரைக் கேட்ட அளவில் பொருளை உணர்வர். கடன்சொல்லாகக் கேட்கும் ஜப்பானியருக்கு அது பொருள் மங்கிய ஓர் அயற்பெயராக ஒலிக்கக்கூடும். இரு மொழிகளிலும் பொதுவான பண்பு ஒன்றுண்டு: அப்பெயர், குறிக்கப்படுவது மனிதனா விலங்கா பொருளா என்பதை வெளிப்படுத்துவதில்லை.

தமிழில் இம்மறைப்பு இயலாது. வினையாலணையும் பெயராகப் பெயர்த்தால் ‘திருகியவர்’ என்றோ ‘திருகியவை’ என்றோ திணையை வெளிப்படுத்தியே ஆகவேண்டும். ‘திருகியவர்’ எனின் அவ்வுருவங்களுக்கு மனிதத் தொடர்பு உண்டு என்னும் மறைபொருள் முதற்காட்சியிலேயே வெளிப்பட்டுவிடும். ‘திருகியவை’ எனின் பின்னர் வெளிப்படும் உண்மையோடு அது முரணும். ஆங்கில மூலம் மூடிவைத்த கதவைத் தமிழின் விகுதி ஒன்று திறந்துவிடுகிறது. அக்கதையிலேயே வரும் ‘ஹை ஒன்ஸ்’ என்னும் இனப்பெயருக்கும் இஃது ஒக்கும்: ‘உயர்ந்தோர்’ என்பதற்கும் ‘உயர்ந்தவை’ என்பதற்கும் இடைப்பட்ட சொல் எளிதில் கிடைப்பதில்லை.

எனினும் இத்தகைய ஐயநிலையைத் தமிழ் இலக்கண மரபு அறியாததன்று. தொலைவில் தோன்றுவது கட்டையா, ஆளா என்று திணையைத் துணிய இயலாதபொழுது எச்சொல்லால் சுட்டுவது என்னும் வினாவைத் தொல்காப்பியக் கிளவியாக்கம் எழுப்பி, ‘உருபு’ போன்ற பொதுச்சொல்லைக் கொள்ள இடந்தருகிறது. உரையாசிரியர்களும் அதனை எடுத்துக்காட்டுகளால் விளக்குவர். அச்சக்கதை என்பதே இவ்வையநிலையை நீட்டித்து வாழும் இலக்கிய வகை. இருளில் அசைவது ஆளா, ஆள் அல்லாததா என்று தெரியாத கணமே அதன் உயிர்நிலை. ஆகவே அவ்விதி காட்டும் வழியில், இன்று வழக்கிலுள்ள ‘உரு’ என்னும் சொல்லைக் கொண்டு ‘திருகுரு’ என ஆக்கிக்கொள்ளலாம். அது மூலத்தின் பொருளையும் தருகிறது. திணையையும் வெளிப்படுத்தாமல் நிற்கிறது. பயனிலையில் அஃறிணை முடிபு வந்தாலும், ‘உரு’ என்னும் சொல்லின் இயல்பான முடிபாகவே அது கொள்ளப்படும்.

கிளவியாக்கத்தின் மற்றொரு விதி இதனினும் வியப்பளிப்பது. காலம், உலகம், உயிர், உடம்பு முதலாகச் சில சொற்கள் உயர்திணைப் பொருளைத் தழுவி வரினும் அஃறிணை முடிபே கொள்ளும் என்பது அது. மனிதன் இறந்தான் என்போம். உயிர் பிரிந்தது, உடம்பு கிடந்தது என்போம். உயர்திணையாகிய மனிதன், உயிர் என்றும் உடம்பு என்றும் பகுத்து நோக்கப்படும் அளவில் இலக்கணத்தால் அஃறிணையாகிவிடுகிறான். காலத்தைத் திருத்தி உலகைக் காக்க உயிரை உடம்பிலிருந்து பிரித்து அனுப்பும் இவ்விளையாட்டின் நான்கு அடிப்படைக் கருத்துகளும் அவ்விதியின் தொடக்க நான்கு சொற்களாகவே அமைந்தமை தற்செயலானதாயினும் மொழிபெயர்ப்பாளனுக்குப் பெரிதும் பயன்படுவது. பெண்ணின் உயிர் ஆணின் உடலில் இருக்கும்போது ‘அவன்’ என்பதா ‘அவள்’ என்பதா என்று தடுமாற வேண்டுவதில்லை. ‘அயாவின் உயிர் வீரனின் உடம்பில் புகுந்தது’ என எழுவாயை உயிராகக் கொண்டால் பால் பற்றிய சிக்கல் நீங்குகிறது.

நீங்குவதோடு ஓர் அறக்குறிப்பும் அதில் அமைந்துவிடுகிறது. வீரர்களை உடல்களாக மட்டும் எண்ணும் ஆட்டத்தின் போக்கை அஃறிணை முடிபு அப்படியே காட்டிக்கொடுக்கிறது. ‘வீரன் விழுந்தான்’ என்பதற்கும் ‘உடம்பு விழுந்தது’ என்பதற்கும் உள்ள தொலைவே இப்படைப்பு எழுப்பும் கேள்வி.

6. இடமும் பன்மையும்

ஜப்பானிய மொழியில் பேசுவோரின் பாலும் வயதும் நிலையும் தன்மைப் பெயரிலும் வாக்கிய இறுதி இடைச்சொற்களிலும் வெளிப்படும். புனைவில் பாத்திரவகைக்கேற்ப அமையும் இத்தகைய மொழியை மொழியியலாளர் சதோஷி கின்சுயி ‘பாத்திர மொழி’ என்னும் பொருள்படும் கலைச்சொல்லால் குறித்து ஆராய்ந்துள்ளார். உடல் மாறும் கதைகளுக்கு இது பெருந்துணை. 2016இல் வெளிவந்த ‘யுவர் நேம்’ என்னும் ஜப்பானிய அசைவூட்டத் திரைப்படத்தில், இளைஞன் உடலிலுள்ள பெண் ‘நான்’ என்பதற்குரிய பல சொற்களை ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்லிப் பொருந்துவதைத் தேடும் காட்சி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

தமிழில் தன்மைக்குப் பால் வேறுபாடு இல்லை. ‘நான் வந்தேன்’ என்பது யாவர்க்கும் பொது. ஆகவே தலைவி அயா அல்லள், ஈவ் என்னும் மறைபொருளைத் தமிழின் தன்மை ஒருமை வெளிப்படுத்திவிடாது. இருவரும் பெண்களாதலின் ‘அவள்’ என்னும் படர்க்கையும் காட்டிக்கொடுக்காது. இவ்வளவில் தமிழ் மொழிபெயர்ப்புக்கு இடையூறு இல்லை.

இடையூறு தன்மைப் பன்மையில் தொடங்குகிறது. ஆங்கிலமும் ஜப்பானியமும் முன்னிலையாரை உளப்படுத்தும் பன்மையையும் உளப்படுத்தாப் பன்மையையும் சொல்லால் வேறுபடுத்துவதில்லை. தமிழ் ‘நாம்’, ‘நாங்கள்’ என வேறுபடுத்தும். படைவீரன் உடலிலிருந்து அயா சக வீரனிடம் பேசுவதாகக் கொள்வோம். ‘நாம் பின்வாங்க வேண்டும்’ எனின் அவள் அப்படையோடு ஒன்றிவிட்டாள். ‘நாங்கள் உங்களைக் காக்க வந்துள்ளோம்’ எனின் அவள் தன் நிறுவனத்தைச் சேர்ந்தவளாகவே நிற்கிறாள், உடல்தான் அவனுடையது. ஒவ்வொரு பன்மையிலும் பேசுவது உயிரா உடலா என்று மொழிபெயர்ப்பாளன் முடிவுசெய்தாக வேண்டும். மூல ஆசிரியர் எடுக்கத் தேவையில்லாத முடிவு இது.

தற்சுட்டுப் பெயராகிய ‘தன்’ என்பதும் கருதத்தக்கது. ‘அவள் தன் உடலைப் பார்த்தாள்’ என்னும் வாக்கியத்தில் ‘தன்’ எழுவாயையே சுட்டும்; வேறொரு பெண்ணைச் சுட்டாது. ஆங்கிலத்தின் படர்க்கை உடைமைப்பெயருக்கு இவ்வரையறை இல்லை. அது வேறு பெண்ணையும் சுட்டலாம். ஆனால் இக்கதையில் எழுவாயே இரண்டாகப் பிளந்து கிடக்கிறது. ‘தன் உடல்’ என்பது இப்பொழுது குடியிருக்கும் உடலா, பிறந்த உடலா? தெளிவுக்குப் பெயர்பெற்ற ஓர் இலக்கணக் கூறு தெளிவிழக்கும் இடம் இது. இங்கு மொழிபெயர்ப்பாளன் விளக்கம் சேர்க்காமல் மயக்கத்தை அப்படியே விடுவதே மூலத்திற்கு நேர்மையாகும்.

7. முறைப்பெயர்

ஆங்கிலத்தில் ‘சிஸ்டர்’ என்னும் சொல் மூத்தவள், இளையவள் இருவர்க்கும் பொது. தன்னை அயா என்று நம்பும் ஈவ் தன் உடன்பிறந்தாளை இச்சொல்லால் குறித்தால், உண்மை வெளிப்பட்ட பின்னரும் அவ்வாக்கியம் பொய்யாகாது. அயாவுக்கு ஈவும், ஈவுக்கு அயாவும் ‘சிஸ்டர்’ தானே. ஜப்பானியமும் தமிழும் இவ்வசதியை அளிப்பதில்லை. அயாவாகத் தன்னைக் கருதுபவள் ‘தங்கை’ என்பாள். உண்மை வெளிப்பட்டபின் அது ‘அக்கா’ என மாறவேண்டும்.

இதற்கும் வழி இல்லாமல் இல்லை. ‘கூடப்பிறந்தவள்’ என்னும் வழக்குச்சொல் மூப்பையும் இளமையையும் சுட்டாதது, பேச்சுக்கும் இயல்பானது. முதற்பகுதி முழுவதும் இச்சொல்லையோ ‘ஈவ்’ என்னும் பெயரையோ ஆண்டு, ‘தங்கை’ என்பதை இயன்றவரை தவிர்க்கலாம். அவ்வாறு செய்தால் ஆங்கிலத்தின் மயக்கம் தமிழிலும் நிற்கும்.

அதற்கு மேலும் ஒரு பயன் உண்டு. முடிச்சு அவிழும் இடத்தில், அதுவரை ஒருபொழுதும் வராத ‘அக்கா’ என்னும் ஒற்றை விளியைத் தலைவியின் வாயில் வைத்தால், ஆங்கிலம் பல வாக்கியங்களால் விளக்கவேண்டிய உண்மையைத் தமிழ் ஒரே சொல்லில் உணர்த்திவிடும். கேட்பவர் அக்கணத்திலேயே யார் உடலில் யார் உயிர் என்பதை அறிந்துகொள்வர். மொழிபெயர்ப்பில் இழப்பை மட்டுமே எண்ணிப் பழகிய நமக்கு, பெறுமொழி சேர்க்கக்கூடிய வலிமைக்கும் இடம் உண்டு என்பதை இவ்வொரு சொல் காட்டும்.

8. கலைச்சொல்லும் திரையளவும்

‘ஓவர்டைவ்’ என்பதை ஒலிபெயர்ப்பதா, ‘கூடுவிட்டுக் கூடுபாய்தல்’ என்று பெயர்ப்பதா என்பது அடுத்த வினா. சித்தர் மரபிலும், மூலன் என்னும் இடையனின் உடலில் புகுந்த திருமூலர் வரலாற்றிலும் பழகிய தொடர் பின்னது. ஆயினும் இரண்டும் முற்றும் ஒன்றல்ல. திருமூலர் புகுந்தது உயிர் நீங்கிய உடல். அதுவும் மேய்ப்பனை இழந்து வருந்திய பசுக்களின்மேல் கொண்ட இரக்கத்தால். விளையாட்டில் அயா புகுவதோ உயிருள்ள உடல். இவ்வேறுபாடே மொழிபெயர்ப்பாளனைத் தமிழ்த் தொடரின்பால் ஈர்க்கவேண்டும். ‘கூடுபாய்தல்’ என்று கேட்ட தமிழர், அக்கூட்டில் முன்பிருந்த உயிர் எங்கே என்று தாமாகவே வினவுவர். ஆட்டம் மறைக்க முயலும் வினா அச்சொல்லிலேயே கருக்கொண்டுள்ளது.

நடைமுறை இடர்களும் உள. கருவியின் திரை 4.3 அங்குலம் அளவினது. 480க்கு 272 படப்புள்ளிகள் கொண்டது. துப்பாக்கிச் சண்டைக்கிடையே ஓரிரு வரிகளில் துணையுரை தோன்றி மறையும். ஒட்டுநிலை மொழியாகிய தமிழில் சொற்கள் நீள்வன. எழுத்துகளின் அகலமும் மிகுதி. ஆகவே ‘கூடுவிட்டுக் கூடுபாய்தல்’ என்பதைப் பட்டியல்களில் ‘கூடுபாய்’ எனவும், ‘திருகுருக்கள்’ என்பதை ஒருமையிலும் சுருக்கிக்கொள்ள நேரிடும். மேலும், விளையாட்டு மொழிபெயர்ப்பில் வாக்கியங்கள் பேசுபவர் யார், கேட்பவர் யார் என்னும் குறிப்பின்றி உதிரியாகத் தரப்படுதல் பரவலான வழக்கம். இடமும் திணையும் பாலும் வினைமுற்றில் ஏறிநிற்கும் தமிழுக்கு இவ்வழக்கம் பெருங்கேடு. சூழல் தெரியாமல் ஒரு வாக்கியத்தைக்கூட உறுதியாகப் பெயர்க்க இயலாது.

9. மதிப்பீடு

இவ்விளையாட்டு குறையற்றதன்று. ஒரே ஒரு திசைக்குமிழ் கொண்ட கருவியில் நோக்குக் கோணத்தைத் திருப்புவது கடினமாகி, சில தோல்விகள் ஆடுவோரின் பிழையால் அன்றிக் கருவியின் எல்லையால் நேர்கின்றன. கதை இறுதிப் பகுதியில் அவசரமாக அவிழ்க்கப்படுவதால் அதன் நுட்பங்கள் பலருக்குக் குழப்பமாகவே எஞ்சுகின்றன. அடிபடும்போது தலைவியின் உடை கிழியும் ஏற்பாடு பெண்ணுடலைக் காட்சிப்பொருளாக்குகிறது என்னும் கண்டனமும் எழுந்தது, அது நியாயமானதே. ஓர் உடல் யாருடையது என்று கேட்கும் படைப்பு, அவ்வுடலைப் பார்வைப் பொருளாக்கித் தன் கேள்வியைத் தானே வலுவிழக்கச் செய்வது முரண்பாடாகும்.

நிறைகளும் சிறியன அல்ல. யோகோ ஷிமோமுராவின் பங்களிப்புடன் அமைந்த இசை முந்திய விளையாட்டின் நினைவைத் தொடர்கிறது. ஜப்பானியத்தில் மாயா சகமோத்தோவும் ஆங்கிலத்தில் இவோன் ஸ்ட்ரஹோவ்ஸ்கியும் அயாவுக்குக் குரல் தந்துள்ளனர். அயாவின் குரலில் ஒலிப்பவள் ஈவ் என்பதை அறிந்தபின் மறுமுறை ஆடுவோர், அக்குரலில் உள்ள தயக்கத்திற்கும் அச்சத்திற்கும் புதிய காரணம் காண்பர். மறுமுறை ஆடும்போது பொருள் மாறுவது நல்ல பனுவலின் இலக்கணம். எல்லாவற்றிற்கும் மேலாக, ஆடுவோரின் செயலையே குற்றச்சாட்டாக மாற்றும் அமைப்பு, இவ்வகைப் படைப்புகளில் அரிதாகவே இவ்வளவு நேரடியாகக் கையாளப்பட்டுள்ளது.

10. முடிவுரை

மேற்கூறியவற்றால் மூன்று கருத்துகள் பெறப்படுகின்றன. முதலாவது, மறைபொருளைச் சார்ந்த கதைகளில் மொழிபெயர்ப்பாளன் பெறுமொழி எவற்றைக் கட்டாயமாக வெளிப்படுத்தும் என்பதை முன்னரே கணக்கிட்டாக வேண்டும். தமிழைப் பொறுத்தவரை அவை வினையாலணையும் பெயரின் திணை, தன்மைப் பன்மையின் உளப்பாடு, முறைப்பெயரின் மூப்பு ஆகியன. இரண்டாவது, புதுவகைப் பனுவல்களின் சிக்கல்களுக்குரிய கருவிகள் பழைய இலக்கணத்தில் இல்லை என்று எண்ணுவது சரியன்று. திணை ஐயம் பற்றிய விதியும் உயிர், உடம்பு என்பவற்றின் முடிபு பற்றிய விதியும் ஒரு கையடக்கக் கருவியின் அச்சக்கதைக்கு நேரே உதவுகின்றன. மூன்றாவது, மொழிபெயர்ப்பாளன் எடுக்கும் இலக்கண முடிவு அற முடிவாகவும் அமையக்கூடும். வீழ்ந்தவனை ‘விழுந்தான்’ என்பதா ‘விழுந்தது’ என்பதா என்னும் தேர்வு, இறப்பவர் மனிதர் என்பதை ஆடுவோர்க்கு நினைவூட்டவும் வல்லது. மறக்கச் செய்யவும் வல்லது. அத்தேர்வை உதிரி வாக்கியப் பட்டியலிடம் விட்டுவிடாமல், கதையை முழுதும் அறிந்த மொழிபெயர்ப்பாளனிடம் ஒப்படைப்பதே முறையாகும்.